காபியும் சுருட்டும் ஆறு கூற்றுகளும்: பார்மென் அறிக்கை பிறந்த கதை

நம் ஊர்ப் பிரசங்கங்களில் ‘உலகம்’ என்ற சொல் வந்துவிட்டால் கூடவே ஒரு பட்டியலும் வந்துவிடும். சினிமா, குடி, நகை, மேக்கப், இப்போது கைபேசி. சில பெந்தெகொஸ்தே சபைகளில் காதுத் தோட்டைக்கூட கழற்றி வைத்துவிட்டுத்தான் பெண்கள் ஞானஸ்நானத்துக்கு இறங்குகிறார்கள். உலகத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது, கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த உலகம் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது என்பதைத்தான் யாரும் அவ்வளவாக விசாரிப்பதில்லை. 1933-ல் ஜெர்மனியில் அது ஆலயத்தின் தலைவாசல் வழியாகவே வந்தது. பேராயர் அங்கி போட்டுக்கொண்டு, ஞானப்பாட்டு பாடிக்கொண்டு, முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்தது. அப்போது ‘நில்’ என்று சொல்லப் பார்த்த சின்னஞ்சிறிய ஆவணம்தான் பார்மென் இறையியல் அறிக்கை.

ஹிட்லர் 1933 ஜனவரி 30-ஆம் தேதி சான்சலர் ஆனார். ஜெர்மானியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்போது புராட்டஸ்டண்டுகள். லூத்தரன், சீர்திருத்தம், இரண்டும் கலந்தது என்று 28 மாநிலச் சபைகளாகப் பிரிந்து கிடந்தார்கள். கைசர் காலம் முழுக்க அரண்மனையும் ஆலயமும் ஒட்டியே வாழ்ந்தவை. போரில் தோற்று, கைசரும் ஓடிப்போய், வேலையின்மையும் கம்யூனிஸ்ட் பயமும் கழுத்தை நெரித்த வேளையில், கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு தலைவர் வந்து நின்றால் போதகர்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலோர் மகிழ்ந்தார்கள். நாஜிக் கட்சியின் கொள்கைத் திட்டத்தில் 24-ஆவது அம்சமே ‘நேர்மறைக் கிறிஸ்தவம்’ பற்றியதுதான். எதிர்மறை எது என்று அப்போது கேட்டவர்கள் குறைவு.

1932-லேயே ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ என்ற பெயரில் ஓர் இயக்கம் சபைக்குள் முளைத்திருந்தது. தங்களை இயேசு கிறிஸ்துவின் புயற்படை என்று சொல்லிக்கொண்டார்கள். வேதாகமம் கடவுளின் வெளிப்பாடுதான், அதோடு ஜெர்மானிய இனமும் மண்ணும் இரத்தமும் அவருடைய வெளிப்பாடுகளே என்பது அவர்கள் போதனை. அந்த வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்தது 1933-ஆம் ஆண்டின் அரசியல் மாற்றம். கடவுள் சரித்திரத்தில் பேசுகிறார், இதோ பேசிவிட்டார், கேளுங்கள் என்றார்கள்.

28 சபைகளையும் ஒரே சபையாக்கி, அதற்கு ஒரே பேராயரை வைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. மாநிலச் சபைத் தலைவர்கள் மே மாதக் கடைசியில் ஃபிரீட்ரிக் ஃபான் போடல்ஷ்விங் என்பவரைத் தெரிந்தெடுத்தார்கள். வலிப்பு நோயாளிகளைப் பராமரிக்கும் பெத்தேல் இல்லத்தை நடத்தி வந்தவர், எல்லோரும் மதித்த மனிதர். நெருக்கடி தாங்காமல் ஒரு மாதத்துக்குள் அவர் விலக நேர்ந்தது. ஹிட்லரின் கைக்குள் இருந்தவர் லுட்விக் முல்லர் என்ற இராணுவப் போதகர். ஜூலை 23-ஆம் தேதி நாடு முழுவதும் சபைத் தேர்தல். முந்தின இரவு ஹிட்லரே வானொலியில் பேசி ஜெர்மானியக் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவு கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் சபைத் தேர்தலுக்காகப் பிரசாரம் செய்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று சபைக்குத் தெரியவில்லை. பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டது. மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் அவர்களுக்குப் போயின.

செப்டம்பர் தொடக்கத்தில் பழைய பிரஷ்யச் சபையின் சினாடு கூடியபோது பிரதிநிதிகளில் பலர் நாஜிகளின் பழுப்புச் சீருடையில் வந்து உட்கார்ந்தார்கள். ‘பழுப்பு சினாடு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. யூத வம்சத்தில் பிறந்தவரோ, அப்படிப்பட்டவரை மணந்தவரோ போதகர் பணியில் இருக்கக்கூடாது என்ற ‘ஆரிய விதி’யை அந்த சினாடுதான் ஏற்றது. வெஸ்ட்ஃபாலியா சபையின் தலைவர் கார்ல் கோஹ் எழுந்து எதிர்ப்புரை வாசிக்கப் பார்த்தார். கூச்சலிட்டு அடக்கினார்கள். அவர் தம்மோடு இருந்தவர்களை அழைத்துக்கொண்டு வெளியேறினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் லூத்தரின் ஊரான விட்டன்பெர்க்கிலேயே முல்லர் நாடு முழுவதற்குமான ‘ரைஷ் பேராயர்’ ஆனார்.

ஆரிய விதிக்கு எதிராகப் பெர்லினின் டாலெம் பகுதிப் போதகர் மார்ட்டின் நீமோலர் ஒரு கடிதம் அனுப்பினார். ஒப்புக்கொள்பவர்கள் கையெழுத்துப் போட்டுச் சேருங்கள் என்றார். இப்படிப் பிறந்தது ‘போதகர் அவசரகாலச் சங்கம்’. ஜனவரிக்குள் ஏறத்தாழ 7,000 போதகர்கள் சேர்ந்தார்கள். நீமோலர் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலின் தளபதியாக இருந்தவர், நாஜிகளுக்கு வாக்களித்தவரும்கூட. பின்னால் எதிர்த்து நின்ற பலரும் முதலில் வரவேற்றவர்கள்தான். இதை மறைத்து எழுதப்படும் வரலாறுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 13-ஆம் தேதி பெர்லின் விளையாட்டரங்கில் 20,000 பேர் கூடிய ஜெர்மானியக் கிறிஸ்தவர் கூட்டத்தில் ரைன்ஹோல்ட் கிராவுஸ என்ற தலைவர் மனதில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டார். பழைய ஏற்பாட்டைத் தூக்கி எறிய வேண்டும், மாட்டு வியாபாரிகளின் கதைகள் நமக்கெதற்கு என்றார். பவுலின் இறையியலையும் களைய வேண்டும் என்றார். அரங்கம் கைதட்டியது. மறுநாள் செய்தித்தாளைப் படித்த சாதாரண விசுவாசிகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை சும்மா இருந்த போதகர்கள் அன்றுதான் கண்ணைத் திறந்தார்கள். ஆரிய விதி வந்தபோது திறக்காத கண்கள், வேதாகமத்தில் கை வைத்தபோது திறந்தன. இது அவர்களுக்குப் பெருமை தரும் விஷயம் இல்லை. ஆனாலும் திறந்தன.

இனி அந்த ஆவணத்தை எழுதிய கைக்கு வருவோம். கார்ல் பார்த், சுவிட்சர்லாந்துக்காரர். இளமையில் சாஃபென்வில் என்ற சிற்றூரில் போதகராக இருந்தபோது ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமை பற்றி வகுப்பெடுத்து, ‘சிவப்புப் போதகர்’ என்று முதலாளிகளிடம் பெயர் வாங்கியவர். 1914-ல் போர் தொடங்கியதும் 93 ஜெர்மானிய அறிஞர்கள் கைசரின் போரை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். பெயர்ப் பட்டியலில் தம் ஆசிரியர்கள் இருந்ததைப் பார்த்து பார்த் ஆடிப்போனார். தாம் காலடியில் உட்கார்ந்து கற்ற இறையியல், போர் முரசு கேட்டவுடன் அதற்கேற்ப ஆடத் தொடங்கிவிட்டதென்றால் அந்த இறையியலில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். அதன் பிறகு ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரை அவரை ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோனது. ஹிட்லர் வந்தபோது அவர் பானில் பேராசிரியர்.

1933 ஜூனில் அவர் ஒரு சிறு நூலை எழுதினார். நாடே அதிரும்போது இறையியலாளன் செய்ய வேண்டியது எதுவும் நடக்காததுபோல் தன் வேலையைத் தொடர்வதே என்பது அதன் சாரம். கோழைத்தனம்போல் தெரியும் இந்த வாதம் அந்த ஆண்டில் கலகமாக இருந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் புதிய ஆட்சிக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டிருந்தபோது, நான் மாற்றமாட்டேன் என்பது அதற்குள் இருந்த செய்தி. ஒரு பிரதியை ஹிட்லருக்கே அனுப்பி வைத்தார். வகுப்பறையிலும் ‘ஹைல் ஹிட்லர்’ வணக்கம் வைக்க மறுத்து, ஜெபத்தோடு பாடத்தைத் தொடங்கினார்.

1934 வசந்தத்தில், முல்லரின் சபைக்கு அடங்காத லூத்தரன்களும் சீர்திருத்தக்காரர்களும் ஒன்றாய்க் கூடுவது என்று தீர்மானமானது. சொல்ல எளிது. நற்கருணையில் கிறிஸ்துவின் பிரசன்னம் எப்படி என்பதில் லூத்தரும் ஸ்விங்லியும் 1529-ல் மார்பர்க்கில் முறுக்கிக்கொண்டு பிரிந்ததிலிருந்து இரு தரப்பும் விசுவாசத்தைப் பற்றி ஒரே குரலில் எதையும் அறிக்கையிட்டதில்லை. இப்போது சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். மூன்று பேரிடம் பொறுப்பு விடப்பட்டது: சீர்திருத்தத் தரப்பில் பார்த், லூத்தரன் தரப்பில் அல்டோனா போதகர் ஹான்ஸ் அஸ்முசன், மியூனிக்கிலிருந்து தாமஸ் பிரைட். மே 15, 16 தேதிகளில் ஃபிராங்க்ஃபர்ட்டில் பாஸ்லர் ஹோஃப் என்ற விடுதியில் சந்தித்தார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்தது. லூத்தரன்கள் இருவரும் சற்றுப் படுக்கப் போனார்கள். அந்தச் சற்று மூன்று மணி நேரமாக நீண்டது. பார்த் கடுங்காபி வரவழைத்து, ஒன்றிரண்டு பிரேசில் சுருட்டுகளைப் பற்றவைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். இருவரும் எழுந்து வந்தபோது ஆறு கூற்றுகள் தயார். லூத்தரன் சபை தூங்கியது, சீர்திருத்தச் சபை விழித்திருந்தது என்று பிற்காலத்தில் பார்த் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருப்பார். அன்றைய வரைவு அப்படியே நிறைவேறிவிடவில்லை. லூத்தரன் தரப்பு கேட்ட திருத்தங்களோடு சினாடு நாள்வரை வரிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் அறிக்கையின் எலும்புக்கூடு அந்த மதியத்தில் உருவானதுதான். இவ்வளவு பெரிய விஷயம் உபவாசக் கூட்டத்தில் பிறந்திருந்தால் நம்மவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். சுருட்டுப் புகையில் பிறந்துவிட்டது, என்ன செய்ய?

சினாடு கூடிய இடம் வுப்பர்டால் நகரின் பார்மென் பகுதி. நூலும் துணியும் நெய்து பணக்காரர்களான பக்திமான்களின் ஊர். 1820-ல் ஃபிரீட்ரிக் எங்கெல்ஸ் பிறந்ததும் இங்கேதான், அப்படியொரு பக்தியுள்ள ஆலை முதலாளி வீட்டில். சுமத்ராவின் படாக் மக்களிடம் போதகர்களை அனுப்பிய ரைன் மிஷன் சங்கத்தின் தலைமையகமும் இந்த ஊரே. வீட்டில் வேதாகமம் வாசிப்பதும், போதகர் சொன்னதையும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இங்கே தலைமுறைப் பழக்கம். எதிர்ப்புக்கு ஏற்ற மண்.

மே 29-ஆம் தேதி கெமார்க்கர் ஆலயத்தில் 18 மாநிலச் சபைகளிலிருந்து 139 பிரதிநிதிகள் கூடினார்கள். தலைமை வகித்தவர், பழுப்பு சினாடில் கூச்சலிட்டு அடக்கப்பட்ட அதே கார்ல் கோஹ். போதகர்களோடு வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் நிலக்கிழார்களும் இருந்தார்கள். 139 பேரில் பெண் ஒரே ஒருவர், பொமரேனியாவிலிருந்து வந்த ஸ்டெஃபானி ஃபான் மக்கென்சன். அவர் நாஜிக் கட்சி உறுப்பினரும்கூட.

அறிக்கையை விளக்கிப் பேசியவர் அஸ்முசன். அவர் பேச்சில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. நாங்கள் இந்த நாட்டின் குடிமக்கள் என்ற முறையில் புதிய அரசை எதிர்க்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார். பயம் கொஞ்சம், விசுவாசமாகவே அப்படி நினைத்தது கொஞ்சம். அடுத்து, நாங்கள் எதிர்ப்பது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபையை அரித்துவந்த ஒன்றை என்றார். சபை தன் காலத்துக்குப் பிடித்த ஒன்றை, பகுத்தறிவோ பண்பாடோ தேசமோ, கிறிஸ்துவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பழகிவிட்டது. ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள் அந்தப் பழக்கத்தின் கடைசி விளைச்சல் என்பது வாதம். முல்லரை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

மே 31-ஆம் தேதி அறிக்கை எதிர்ப்பின்றி நிறைவேறியது. எழுந்து நின்று துதிப்பாட்டு பாடினார்கள். ஹெர்மன் சாஸ என்ற லூத்தரன் இறையியலாளர் வாக்கெடுப்புக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். ஹிட்லரின் இனவாதத்தை 1932-லேயே கண்டித்து எழுதியவர் அவர். இரண்டு விசுவாச மரபினர் ஒன்றாக உட்கார்ந்து உபதேச அறிக்கை வெளியிட அதிகாரம் இல்லை என்பது அவர் தரப்பு. அவரைக் கோழை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் வீடு பற்றியெரியும்போது பத்திரத்தில் முத்திரை சரியா என்று பார்த்தவர்.

ஆறு கூற்றுகளுக்கும் ஒரே அமைப்பு. முதலில் வேத வசனம், அடுத்து சபை எதை ஏற்கிறது என்பது, பிறகு எந்தப் போதனையைத் தள்ளுகிறது என்பது. பார்த்தின் சாமர்த்தியம் இந்த மூன்றாவது பகுதியில் இருக்கிறது. நல்ல விஷயங்களை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் முல்லரும் கையெழுத்துப் போட்டிருப்பார். கிறிஸ்துவே ஆண்டவர் என்பதை மறுக்க எந்த ஜெர்மானியக் கிறிஸ்தவரும் துணியமாட்டார். கிறிஸ்துவும் தலைவரும், வேதமும் இனமும் என்று சேர்த்துச் சொல்வதுதான் அவர்கள் வழக்கம். அந்த ‘உம்’ விகுதிகளை வெட்டவே ‘தள்ளுகிறோம்’ என்ற பகுதி.

சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டியது கிறிஸ்துவுக்கு மட்டுமே, வேறு சம்பவங்களோ ஆற்றல்களோ மனிதர்களோ கடவுளின் வெளிப்பாடாக நிற்க முடியாது என்பது முதல் கூற்று. இரண்டாவது கூற்று எனக்கு மிகவும் பிடித்தது. வாழ்க்கையில் கிறிஸ்துவுக்கு உட்படாத தனிப் பகுதி என்று எதுவும் இல்லை என்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு, மற்ற ஆறு நாளும் கட்சிக்கு என்று பிரித்துக்கொண்டவர்களுக்கு இது நேரடியான அடி. ஆளும் கருத்துக்கேற்பச் சபை தன் செய்தியையும் அமைப்பையும் மாற்றிக்கொள்ளலாகாது என்கிறது மூன்றாவது. சபையில் பதவி என்பது ஊழியம், அங்கே ஆதிக்கம் செய்ய ‘ஃபியூரர்’கள் வேண்டாம் என்பது நான்காவது. ஐந்தாவதில் மட்டும் தள்ளுதல் இரண்டு: அரசு மனித வாழ்வின் எல்லாவற்றையும் தானே ஆளப் பார்ப்பதும் தவறு, சபை அரசின் வேலையைக் கையில் எடுத்து அரசின் உறுப்பாக மாறுவதும் தவறு. கடைசிக் கூற்று, சபை தன் சொந்த ஆசைகளுக்கும் திட்டங்களுக்கும் கடவுளின் வார்த்தையை வேலைக்காரனாக்குவதைத் தள்ளுகிறது. இத்தனையும் சொன்ன சினாடு, தன் சபைகளுக்கு விடுத்த வேண்டுகோளில், நாங்கள் வேதத்துக்கு விரோதமாகப் பேசியிருந்தால் எங்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்ற பொருளிலும் எழுதியது. பொதுவாக எந்தச் சபைத் தலைமையும் சுற்றறிக்கையில் சேர்க்காத விஷயம்.

இந்த முதல் கூற்றை நம் பக்கத்தில் வாசிக்கும்போது ஓர் உறுத்தல் வரும். பல மதத்தாரோடு ஒரே தெருவில் வாழ்கிறோம். இது பக்கத்து வீட்டுக்காரரின் சாமியைப் பழிப்பதாகாதா? பார்த்தின் எழுத்தில் அந்த ஆபத்து இல்லாமலில்லை. யாழ்ப்பாணத் தமிழரான மெதடிஸ்ட் தலைவர் டி. டி. நைல்ஸ் ஒருமுறை பார்த்தைச் சந்தித்ததைச் சொல்லியிருக்கிறார். மற்ற மதங்கள் அவிசுவாசமே என்று பேச்சோடு பேச்சாகப் பார்த் சொல்ல, ஐயா, நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை. அப்படியானால் எப்படித் தெரியும்? முன்னமே தெரிந்த விஷயம் என்று பதில் வந்ததாம். நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார். ஆனால் 1934-ல் பார்மெனில் அந்தக் கூற்றின் கத்தி முனை அயலார் பக்கம் திரும்பியிருக்கவில்லை. தன் வீட்டுப் பலிபீடத்தில் ஏறி உட்கார்ந்த சுவஸ்திகாக் கொடியின் பக்கம்தான் திரும்பியிருந்தது. இதை மறந்துவிட்டு அதைப் பிற மதத்தார்மீது வீசுபவர்கள் பார்மெனைப் படித்தவர்களல்ல.

அறிக்கை வந்த பதினோராம் நாளே எர்லாங்கன் பேராசிரியர்கள் அல்ட்ஹவுஸும் எலர்ட்டும் மறுப்பு வெளியிட்டார்கள். குடும்பம், இனம், நாடு வழியாகவும் கடவுளின் கட்டளை வருகிறது, இந்தத் தலைவரைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி என்பது அதன் போக்கு. படிப்பில் குறைந்தவர்கள் அல்லர் இவர்கள். அல்ட்ஹவுஸ் எழுதிய லூத்தர் ஆய்வுகளை இன்றும் இறையியல் மாணவர்கள் படிக்கிறார்கள். உலகத்தின் செல்வாக்கு படிக்காதவர்களைத்தான் பிடிக்கும் என்பவர்கள் இவர்களையும் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த ஆண்டுக் கடைசியில் அரசு ஊழியரான பேராசிரியர்கள் எல்லோரும் ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றார்கள். சுவிசேஷக் கிறிஸ்தவனாக என் பொறுப்புக்கு உட்பட்ட அளவில் என்று ஒரு வாசகம் சேர்க்க பார்த் கேட்டார். வேலை போனது. 1935-ல் பாசலுக்குத் திரும்பினார். நீமோலர் 1937 ஜூலையில் கைதாகி, சாக்சென்ஹவுசன், டாக்கவ் முகாம்களில் 1945 வரை இருந்தார். பார்மெனில் ஒன்றுகூடியவர்கள் ‘அறிக்கைச் சபை’ எனப்பட்டார்கள். அதன் சட்ட ஆலோசகர் ஃபிரீட்ரிக் வைஸ்லர் யூத வம்சத்துக் கிறிஸ்தவர். ஹிட்லருக்கு அனுப்பிய இரகசிய மனு வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கசிந்த விவகாரத்தில் இவரோடு பிடிபட்ட இருவர் உயிர் பிழைத்தார்கள், இவர் 1937 பிப்ரவரியில் முகாமில் அடித்தே கொல்லப்பட்டார். கைதானபோது சபைத் தலைமை அவரைக் கைவிட்டுவிட்டது.

ஹுன்ஸ்ரூக் மலைக் கிராமமான டிக்கென்ஷீடின் போதகர் பால் ஷ்னைடரைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. ஆறு பிள்ளைகளின் தகப்பன். ரைன் பகுதியைவிட்டு வெளியேற வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. கடவுள் ஒப்புவித்த மந்தையைவிட்டுப் போகச் சொல்ல அரசுக்கு அதிகாரமில்லை என்று திரும்பிவந்து தம் ஆலயத்தில் பிரசங்கித்தார். புக்கென்வால்டு முகாமில் அடைத்தார்கள். 1938 ஏப்ரல் 20, ஹிட்லரின் பிறந்தநாளில் கொடிக்கு முன்னால் எல்லாக் கைதிகளும் தொப்பியைக் கழற்ற, இவர் கழற்றவில்லை. சவுக்கடி, பிறகு தனிச்சிறை. ஆள் எண்ணிக்கை எடுக்கும் நேரத்தில் சிறைச் சன்னலைப் பற்றி எழும்பி, வெளியே நிற்கும் கைதிகளுக்கு வேத வார்த்தைகளை உரக்கச் சொல்வார். இரண்டொரு வாக்கியத்துக்குள் அடி விழும். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். 1939 ஜூலை 18-ஆம் தேதி மருந்தூசி போட்டுக் கொன்றார்கள்.

எல்லோரும் ஷ்னைடர்கள் ஆகவில்லை. 1938-ல் போதகர்களும் ஹிட்லருக்குப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று அரசுக்கு வேண்டிய சபை நிர்வாகம் உத்தரவிட்டபோது, பார்மெனை ஒப்புக்கொண்ட போதகர்களிலும் பெரும்பாலோர் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு, அந்தப் பிரமாணம் எங்களுக்குத் தேவையே இல்லை என்று கட்சித் தரப்பிலிருந்து கடிதம் வந்தது.

இன்னும் பெரிய குறை அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. ஆறு கூற்றுகளில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சண்டை தொடங்கியதே ஆரிய விதியில். அறிக்கையில் அதன் பெயரே இல்லை. இளம் இறையியலாளர் போன்ஹோஃபர் 1933 ஏப்ரலிலேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். சினாடு நடந்தபோது அவர் லண்டனில் போதகராக இருந்தார். பெர்லின் பள்ளி ஆசிரியை எலிசபெத் ஷ்மிட்ஸ், யூதர்கள் படும் பாட்டைப் பக்கம் பக்கமாகத் தொகுத்து, பெயர் போடாமல் சபைத் தலைவர்களுக்கு அனுப்பினார். பேசுங்கள் என்று கெஞ்சினார். பேசவில்லை. எழுதியவர் அவர்தான் என்பது நிரூபணமானதே 1999-ல். யூதர் விஷயத்தைப் பார்மென் வரைவில் வைக்காமல் விட்டது தம் குற்றம் என்று பார்த் 1967-ல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வைத்திருந்தால் அன்றைய சினாடு ஏற்றிருக்காது என்பதையும் சேர்த்தே எழுதினார். உண்மைதான். ஆனால் அது சாக்கு ஆகாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

குறையோடு பிறந்தாலும் அந்த ஆவணம் ஊர் ஊராகப் போனது. 1967-ல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை அதைத் தன் விசுவாச அறிக்கைகளின் தொகுப்பில் சேர்த்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை வேதத்தைக் கொண்டே நியாயப்படுத்திய டச்சுச் சீர்திருத்தச் சபை, நிறத்துக்கொரு சபையாக விசுவாசிகளைப் பிரித்து வைத்திருந்தது. அதில் கறுப்பு, கலப்பினத்தாருக்கென ஒதுக்கிய சபைகளில் ஒன்றான டச்சுச் சீர்திருத்த மிஷன் சபை, கேப்டவுனை ஒட்டிய பெல்ஹாரில் 1982-ல் ஓர் அறிக்கையை வரைந்து, 1986-ல் ஏற்றுக்கொண்டது. பார்மெனின் அதே ஏற்றல், தள்ளல் அமைப்பு. ஆனால் பார்மென் பேசாமல் விட்டதைப் பெல்ஹார் பேசியது: அநீதிக்கு ஆளானவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்றது.

பார்மெனின் யூத ஆலயத்தை 1938 நவம்பரில் கொளுத்தினார்கள். கெமார்க்கர் ஆலயம் 1943 குண்டுவீச்சில் அழிந்து பிறகு எழும்பியது. 2002 டிசம்பரில் அந்த ஆலயத்துக்கு அடுத்த மனையில், சபை கொடுத்த இடத்தில், புதிய யூத ஆலயம் திறந்தார்கள்.

நம் திருச்சபைகளில் வேத ஆராய்ச்சிக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஒரு மாதம் பார்மெனையும் பெல்ஹாரையும் எடுத்துக்கொள்ளலாம். நகையும் சினிமாவும் பற்றிய பிரசங்கம் அடுத்த மாதம் வரை காத்திருக்கும். கூற்றுகளை வாசித்து முடித்ததும், திருமண்டலத் தேர்தலையும், சாதிக்கொரு கல்லறைத் தோட்டத்தையும், மேடையில் நாம் மாலை போடும் கட்சிக்காரர்களையும் மனதில் வைத்து, இதேபோல் ‘தள்ளுகிறோம்’ என்று முடியும் வாக்கியங்களை உங்கள் சபைக்கு நீங்களே எழுதிப் பாருங்கள். எழுதியதைக் கமிட்டியிலும் வாசித்துக் காட்டுங்கள்.